வீட்டுக் கொல்லையில் நாட்டுத் தக்காளி: வித்தெடுத்துப் பயிரிடும் முறை

தேனி நகரை விட்டுப் பெரியகுளம் செல்லும் வழியில் அன்னஞ்சி என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெயரையே தனக்கும் பெயராகக் கொண்ட நாட்டுத் தக்காளி ரகம் ஒன்று முன்னர் வழக்கில் இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அந்த ரகத்தை எடுத்து, அதில் செயற்கையாய்ச் சடுதிமாற்றம் உண்டாக்கி, மாறிய செடிகளுள் நலமானதைப் பொறுக்கிப் பெருக்கி, பி.கே.எம். 1 என்னும் பெயரால் 1978-ஆம் ஆண்டில் குடியானவர்களுக்கு வழங்கினர். அதன் பழம் சற்றே தட்டையான உருண்டை வடிவினது. காம்பைச் சுற்றிக் கரும்பச்சை படர்ந்திருந்து, பழுக்குங்கால் நற்சிவப்பாகும். தூரப் பிரயாணத்தையும் தாங்கும். 135 நாட்களில் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் வரையில் மகசூல் தர வல்லது.

ஆராய்ச்சி நிலையத்தார் செய்த வேலையைப் பலரும் அறிவர். அதற்கு முன்னர் நடந்ததை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பெயர் தெரியாத சில குடும்பத்தார் ஆண்டுதோறும் நல்ல பழம் பார்த்து வித்தெடுத்து, உலர்த்தி, கலயத்திலிட்டுக் காத்து, மறு பருவத்தில் விதைத்து வந்திராவிடில், நிலையத்தார் எடுத்தாளுவதற்கு அப்படியொரு ரகமே இருந்திராது. ஆராய்ச்சிக்கு வேண்டிய மூலப்பொருள் குடியானவர் வீட்டுப் பரணிலிருந்தே வந்தது என்பதை மறத்தலாகாது.

தக்காளி என்னும் சொல் தமிழில் பழமையானதே. மணத்தக்காளி முதலிய நாட்டுச் செடிகளுக்கு அது முன்னரே பெயராய் வழங்கியது. இப்போது கறிக்கு உதவும் தக்காளியோ தென் அமெரிக்க மலைப் பிரதேசத்துச் செடியினின்றும் தோன்றி, மெக்சிகோ தேசத்தில் பயிராய்த் திருந்தி, ஐரோப்பியருடைய கப்பல்களின் வழியே உலகெங்கும் பரவியது. ஆகையினால்தான் முற்காலத்தார் இதனைச் சீமைத் தக்காளி என்றனர். எனவே நாட்டுத் தக்காளி என்பதற்கு, ஆதியில் இந்நாட்டில் தோன்றியது என்பது பொருளன்று. பல தலைமுறை இங்கேயே வித்தெடுக்கப்பட்டு, இம்மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிப்போனது என்பதே பொருள்.

இக்காலத்தில் விற்பனைக்காகத் தக்காளி பயிரிடுவோர் பெரும்பாலும் கலப்பின வித்தையே விலைக்கு வாங்குகின்றனர். இதில் குற்றம் கூறுவதற்கில்லை. குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறிக் கேரளத்திற்குச் செல்லும் சரக்கு, கூடையிலும் பெட்டியிலும் அடுக்குண்டு நசுங்காமல் போய்ச் சேர வேண்டுமாயின் தோல் தடித்திருத்தல் அவசியம். எல்லாப் பழமும் ஒரே அளவாய் இருந்தால்தான் மண்டியில் விலை படியும். ஆனால் கொல்லையிற் பறிக்கும் பழம் அடுக்களை வரையில் மட்டுமே பிரயாணம் செய்வது. அதற்குத் தடித்த தோல் எதற்கு? ரசத்திற்கும் குழம்பிற்கும் வேண்டியவை புளிப்பும் சாறுமே. இவை நாட்டு ரகங்களில் மிகுதி.

காம்படியில் காணும் கரும்பச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் தகும். பழம் முழுதும் ஒரே நிறமாய்ப் பழுத்தால் பார்வைக்கு நன்றாயிருக்குமென்று மேல்நாட்டார் பல ஆண்டுகளாகப் பச்சைத் தோள் இல்லாத ரகங்களையே பொறுக்கி வந்தனர். 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியினால், அப்பச்சையை நீக்கும் மரபுக் குறையே பழத்தினுள் சர்க்கரை சேருவதையும் குறைத்துவிடுகின்றது என்பது விளங்கிற்று. பச்சைத் தோளைக் கண்டு பழத்தை ஒதுக்குவோர் சுவையையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர் போலும்.

நிற்க. வித்தெடுத்துப் பயிரிட விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, எவ்வித்து தாயைப் போலப் பிள்ளை தரும், எது தராது என்பதே. கலப்பின வித்து என்பது இரு வேறு தூய ரகங்களை எடுத்து, ஒன்றன் பூவில் மகரந்தப் பையைக் கையால் நீக்கி, மற்றொன்றன் மகரந்தத்தைத் தூவி உண்டாக்குவது. அதன் விலை அதிகமாயிருப்பதற்கு இந்தக் கைவேலை ஒரு காரணம். அவ்வித்தினின்றும் முளைத்த செடிகள் யாவும் ஒரே சீராக வளர்ந்து காய்க்கும். அப்பழத்திலிருந்து வித்தெடுத்து விதைத்தாலோ, பாட்டன் பாட்டியருடைய குணங்கள் தனித்தனியே பிரிந்து, ஒரு செடி குட்டையாயும் ஒன்று நெட்டையாயும், ஒரு பழம் உருண்டையாயும் ஒன்று நீண்டும் தோன்றும். கிரெகர் மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு ஆராய்ந்து 1866-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதுவே. நாட்டு ரகங்களுக்கும், பி.கே.எம். 1 போன்ற இலாகா ரகங்களுக்கும் இத்தொல்லை இல்லை. ஒருமுறை வித்து வாங்கியவர், கவனத்துடன் இருப்பாராயின், மறுமுறை வாங்க வேண்டியதில்லை.

சந்தையில் வாங்கிய பழம் சுவையாயிருந்தால் அதிலிருந்து வித்தெடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. எடுக்கலாம், ஆனால் அது எவ்வினம் என்பதைச் சோதித்தறிதல் வேண்டும். ஒரே பழத்தின் வித்திலிருந்து பன்னிரண்டு செடிகளேனும் வளர்த்து, இலை, உயரம், பழத்தின் வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். யாவும் ஒன்றுபோலிருப்பின் தூய ரகமென்று கொண்டு வித்தெடுக்கலாம். பலவிதமாயிருப்பின் அது கலப்பினத்தின் பிள்ளை. அதிலும் பிடித்தமான ஒரு செடியைத் தேர்ந்து, அதன் வித்தையே விதைத்து, அதற்குள்ளும் மறுபடி தேர்ந்து, இவ்வாறு ஆறேழு தலைமுறை செய்தால் நிலையான ரகமாகிவிடும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். நாட்டு வித்து வைத்திருக்கும் அண்டை அயலாரிடமே கேட்டுப் பெறுதல் எளிய வழி.

பருவத்தைப் பொறுத்தவரையில் கம்பம் பள்ளத்தாக்கிற்கென்று சில விசேஷங்கள் உள. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களினூடே இறங்கி வரும் காற்று பலமானது. அக்காலத்தில் பூக்கும் செடி சாய்வதும், பூ உதிர்வதும், மண்ணின் ஈரம் விரைவில் வற்றுவதும் இயல்பு. ஐப்பசி மாதத்து அடைமழையில் நாற்றுக்கள் அழுகும். பங்குனி, சித்திரை வெயிலில் பகல் வெப்பம் 35 டிகிரியைக் கடக்கும்போது மகரந்தம் பயனற்றுப் போய்க் காய் பிடிப்பதில்லை. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையில் இருக்குங்காலமே தக்காளி காய்ப்பதற்கு உத்தமம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கின், கார்த்திகை முற்பகுதியில் விதைத்து, மார்கழியில் நட்டு, தை மாதத்துக் குளிரில் பூக்கவிட்டு, மாசி பங்குனியில் பழம் பறிப்பதே கொல்லைப் பயிருக்குப் பொருத்தமாகும். வித்தெடுப்பதற்கும் மாசி மாதத்து வறண்ட காற்று பெரிதும் உதவும்.

ஒரு குடும்பத்திற்குப் பன்னிரண்டு செடிகள் போதும். ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 300 வித்துக்கள் இருக்குமாகையால், ஒரு சிட்டிகை வித்தே மிகுதி. நூற்றுக்கு எழுபது முளைப்பதே நல்ல வித்தின் அளவு. ஆகவே 30 வித்துக்களை இட்டால் பொறுக்கி நடுவதற்கும் மிஞ்சும். செம்மண், மக்கிய தொழு உரம், மணல் ஆகியவற்றைச் சமமாய்க் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியிலோ, நாலங்குல உயரமுள்ள மேட்டுப் பாத்தியிலோ பரப்பி, அரை அங்குல ஆழத்திற்கும் குறைவாக வரிசையாய் விதைத்து, மெல்லிய மண் தூவிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு நாட்களுக்குள் முளை காணும். நாற்றுக்கள் தரையையொட்டிக் கருகி ஒடிந்து விழுந்தால் அது நாற்றழுகல் என்னும் பூஞ்சண நோய். நெருங்க விதைத்தலும், மாலையில் மிகுதியாய் நீர் விடுதலுமே அதற்கு முக்கிய காரணங்கள். விதைக்குமுன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை தரும் பூஞ்சணத்தை, ஒரு கிலோ வித்திற்கு 4 கிராம் என்னும் விகிதத்தில் வித்தின்மேல் புரட்டிவிடின் இந்நோய் குறையும். கொல்லைக்கு விதைப்போருக்கு விரல் நுனியில் ஒட்டுமளவே போதும்.

நாற்றுத் தொட்டியை நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலையால் மூடி வைத்தல் மிகவும் அவசியம். வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சி இளஞ்செடியின் சாற்றை உறிஞ்சும்போது இலைச்சுருட்டு நோயின் நச்சுக்கிருமியைப் புகுத்தி விடுகின்றது. இளமையில் அந்நோய் கண்ட செடி பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் பயன் தராது. இலை சுருண்டு சிறுத்து மஞ்சளிக்கும் செடியை இரக்கமின்றிப் பிடுங்கிப் புதைத்துவிடல் வேண்டும்.

25 முதல் 30 நாட்களில், நாலைந்து இலைகள் விட்டவுடன் நாற்றைப் பிடுங்கி நடலாம். நடும் இடத்தில் அதற்கு முன் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய ஒரே குடும்பத்துச் செடிகள் இருந்திருக்கலாகாது. அவற்றின் வேர்ப்புழுவும் வாடல் நோயும் மண்ணிலேயே தங்கியிருக்கும். அவரை, தட்டை, கீரை இருந்த இடம் நலம். வாய்க்காற் பாசனத்து நெல் வயலை ஒட்டிய கொல்லைகளில் நீர் தேங்குமாகையால் மேடு கட்டி நட வேண்டும். குழிக்கு இரண்டு கை மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு மண்ணுடன் கலந்து, மாலை வேளையில் நட்டு உயிர்த்தண்ணீர் விடவேண்டும். பி.கே.எம். 1 அளவோடு வளர்ந்து நிற்கும் செடி. வரிசைக்கு வரிசை இரண்டடியும், செடிக்குச் செடி ஒன்றரை அடியும் போதும். நாட்டு ரகங்களுள் சில கொடிபோல் நீண்டுகொண்டே போகும். அவற்றிற்கு இன்னும் ஓரடி கூட்டி விட்டு, கொம்பு நட்டுத் தளர்வாய்க் கட்டுதல் நலம். மேற்கூறிய இடைவெளியும் மகசூலும் கொண்டு கணக்கிட்டால் செடியொன்றுக்கு 800 கிராமுக்குக் குறையாமல் பழம் கிடைக்க வேண்டும். 36 சதுர அடி நிலத்தில் பன்னிரண்டு செடிகளிலிருந்து ஒன்பது, பத்துக் கிலோ என்றாகிறது. விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கும் நாளில் இது பெரிதாய்த் தோன்றாது; நூறு ரூபாய்க்கு ஏறும் நாளில் தோன்றும்.

நீர் பாய்ச்சுவதில் ஒழுங்கு வேண்டும். சில நாள் காயவிட்டுப் பின்னர் ஒரேயடியாய்ப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்புறத்தில் தோல்போன்ற கரிய தழும்பு தோன்றுவதும் பெரும்பாலும் இதனாலேயே. ஈரம் மாறி மாறி வரும்போது மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேருவதில்லை. வேரடியில் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்பி ஈரம் காப்பது எளிய பரிகாரம். காய்ப்புழுவிற்குச் செண்டுமல்லி நட்டு வைத்தல் வழக்கம். தாய்ப்பூச்சி அப்பூவை நாடிச் சென்று முட்டையிடும். செடி பாதி தப்பும். மிஞ்சிய புழுக்களைக் கையாற் பொறுக்குவது, பன்னிரண்டு செடிகளுக்குச் சிரமமான வேலையன்று. ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பதும் உண்டு.

இனி வித்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாய்க் கூறுதல் அவசியம். தவறு நேருவது பெரும்பாலும் இங்கேயே.

வித்துக்குரிய செடியைப் பழம் பறிக்கும் நாளில் தேடலாகாது. செடி பூக்கத் தொடங்கியது முதலே பார்த்து வந்து, நோயின்றி, நல்ல கிளையுடன், ரகத்தின் லட்சணம் பிழையாது காய்க்கும் ஐந்தாறு செடிகளுக்கு நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். ஒரு பெரிய பழத்தைக் கண்டு மயங்கி அதன் வித்தை எடுப்போர் பலர். பெரிய பழம் ஒன்று காய்த்த சோகைச் செடியைவிட, நடுத்தரப் பழம் நாற்பது காய்த்த செடியே வித்துக்கு உரியது. ஒரே செடியின் வித்தை மட்டும் எடுப்பதும் தகாது. அச்செடியில் மறைந்துள்ள குறை மறு ஆண்டு கொல்லை முழுதும் பரவும்.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் தன்மையுடையது. மகரந்தப் பைகள் கூம்புபோல் ஒன்றுசேர்ந்து சூல்முடியைத் தம்முள் மறைத்து நிற்பதே அதற்குக் காரணம். எனினும் பழைய ரகங்கள் சிலவற்றில் சூல்முடி கூம்பைக் கடந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அவற்றில் வண்டும் தேனீயும் வேற்று மகரந்தத்தைக் கொணர இடமுண்டு. சான்று வித்துப் பண்ணைகளில் ரகத்திற்கு ரகம் 25 மீட்டர் தூரமும், ஆதார வித்துக்கு 50 மீட்டர் தூரமும் விதித்திருக்கின்றனர். தெருக் கொல்லையில் அவ்வளவு தூரம் கிடைப்பது அரிது. ஆகையால் மலரும் முன்னரே ஒரு பூங்கொத்தை மெல்லிய மஸ்லின் துணிப் பையால் மூடிக் கட்டி, தினமும் லேசாய்த் தட்டிவிட்டு, பிஞ்சு பிடித்த பின்னர்ப் பையை நீக்கி, அக்கொத்துக்கு நூல் கட்டி வைக்கலாம். பை ஒன்றுக்கு ஆகும் செலவு, ஒரு பழைய வேட்டியின் கிழிசலே.

பழம் செடியிலேயே நன்றாய்ச் சிவந்து இளகும் வரையில் விட்டுப் பறிக்க வேண்டும். குறுக்கே அரிந்து, சாற்றோடு வித்தையும் ஒரு மண்சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ பிழிந்து, நீர் கலவாமல், துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வித்தையும் சூழ்ந்து கொழகொழப்பான உறையொன்று உண்டு. பழத்தினுள்ளேயே வித்து முளைத்துவிடாமல் தடுப்பது அதுவே. ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரையில் புளிக்க விட்டால் அவ்வுறை கரைந்துபோகும். வித்தின்மேல் ஒட்டியுள்ள சில நோய்க்கிருமிகளும் அழியும். மேலே வெண்ணிற ஆடை படரும்; வாடை வீசும்; அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் நாளும் மறந்து விட்டால் வித்து சட்டியிலேயே முளை விடத் தொடங்கும். உரிய நேரத்தில் நிறைய நீர் ஊற்றிக் கலக்கினால் முற்றிய வித்து அடியில் தங்கும்; சதையும் பதரும் மிதக்கும். மிதப்பதைச் சாய்த்து ஊற்றி, மூன்று நான்கு முறை அலச வேண்டும்.

வித்தைச் சாம்பலிற் பிசைந்து உலர்த்தும் பழைய முறையும் கையிருப்பாய்ச் சில வித்து வேண்டுவோருக்குப் போதுமானதே. அதிக வித்து வேண்டுவோர் புளிக்கவைத்துக் கழுவுவதே நலம்.

கழுவிய வித்தைப் பீங்கான் தட்டிலோ துணியிலோ பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு எடுக்க வராது. உச்சி வெயிலில் தகரத்தின்மேல் காய வைத்தால் முளை வெந்துபோகும். அவ்வப்போது கையாற் கலைத்துவிட்டு நாலைந்து நாள் உலர்த்தியபின், ஒரு வித்தை நகத்தால் மடித்துப் பார்க்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, ஒடிந்தால் போதும். சேமிக்கும் வித்தில் ஈரம் நூற்றுக்கு எட்டுக்கு மேற்படலாகாது என்பது வித்துச் சான்று விதி; காற்றுப் புகாப் புட்டியில் அடைப்பதாயின் ஆறுக்கு மேற்படலாகாது. வறுத்து ஆற்றிய அரிசியை ஒரு துணி முடிச்சாய்க் கட்டிப் புட்டியின் அடியில் இட்டு, அதன்மேல் வித்துப் பொட்டலத்தை வைத்து மூடினால், எஞ்சிய ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். ரகத்தின் பெயரும், வித்தெடுத்த மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டாத புட்டி, இரண்டு ஆண்டில் எவர்க்கும் பயனற்றதாய்விடும். இவ்வாறு காத்த வித்து மூன்று நான்கு ஆண்டுகள் வரையில் நன்கு முளைக்கும்.

தாம் எடுத்த வித்தை வைத்துக்கொள்ளவும், விதைக்கவும், பிறருடன் மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயரிட்டு அடைக்காத வரையில் விற்கவும் குடியானவர்க்கு உரிமையுண்டென்று 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் கூறுகின்றது. ஒரே வீட்டில் உள்ள வித்து ஒரு மழையிலோ எலியாலோ அழிந்துபோகக் கூடும். மூன்று வீட்டில் இருந்தால் அந்த அபாயம் இல்லை. பத்துப் பழங்களில் ஒரு தெருவிற்கே போதுமான வித்து உண்டாகையால், கொடுப்பவர்க்குக் குறைவொன்றும் நேராது.

மறு கார்த்திகையில் விதைப்பதற்குப் பத்து நாள் முன்னர், புட்டியிலிருந்து 20 வித்தை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியில் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் நாள் பிரித்து எண்ணும்போது 14 அல்லது அதற்கு மேல் முளைத்திருந்தால் வழக்கமான அளவே விதைக்கலாம். பத்தே முளைத்திருப்பின் அரைப்பங்கு கூட்டி விதைக்க வேண்டும். ஐந்துக்கும் குறைந்தால் உள்ளதனைத்தையும் அவ்வாண்டே விதைத்து, புது வித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.